மஞ்சள் தெளித்த முதிரைப் பலகை

எனக்குக் கோபம் கெதியில் வரும். வந்த வேகத்தில் போயும் விடும்; ஆனால் போவதற்குள் வாயிலிருந்து நாலு வார்த்தை விழுந்துவிடும். இது என் மச்சாளுக்கு, அதாவது என் கணவரின் தங்கைக்கு, நன்றாகத் தெரியும். அதனால் வேலை கேட்டு வருகிற போன் எல்லாவற்றையும் அவள்தான் எடுப்பாள். "வணக்கம், சொல்லுங்கோ" என்று அவள் இழுத்துச் சொல்கிற பதத்திலேயே பாதிப் பேர் வேலையைத் தந்துவிடுவார்கள். நான் எடுத்தால் முதல் வார்த்தையே "என்ன கழுவ வேணும்?" என்றுதான் வரும்.

கழுவுவதுதான் எங்கள் இருவரின் தொழில். கிளிநொச்சியில் எங்கள் வளவின் முன்பக்கம் ட்ரக்டரும் நெல் வெட்டும் மெசினும் கழுவுகிற இடமாகத் தொடங்கியது. பிறகு மதில், மாபிள் போட்ட முற்றம், ஓட்டுக் கூரை, கோயில் வாசற்கல் என்று கூடிக்கொண்டே போனது. இப்போது லாண்ட்மாஸ்டர் என்கிற கைட்ரக்டரின் பெட்டியில் தண்ணீர்த் தாங்கியையும் தண்ணீரை அழுத்தி அடிக்கிற பிறசர் மெசினையும் ஏற்றிக்கொண்டு பளைக்கும் போவோம், கண்டாவளைக்கும் போவோம். மச்சாள் ஓட்டுவாள். நான் பின்னால் தாங்கியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் சந்தியில் நின்ற ஒருவன் கேட்டான், "எங்கையக்கா, நெருப்பு அணைக்கவோ?" என்று. "ஓம், உன்ர வாயிலை பத்தியிருக்கிறதைத்தான் முதல் அணைக்கவேணும்" என்றேன். மச்சாள் சிரித்த சிரிப்பில் லாண்ட்மாஸ்டர் தெருவோர வடிகானுக்குள் இறங்கப் பார்த்தது.

மரம் கழுவுவது நாங்கள் கடைசியாகப் பழகிய வேலை. மதிலை எப்படி அடித்தாலும் மதில் நிற்கும். மரம் அப்படி விடாது. மச்சாள் ஒருமுறை தன் தாயின் வீட்டு முன்கதவை, ட்ரக்டர் சில்லுக்கு அடிக்கிற அதே வேகத்தில் அடித்துவிட்டாள். கதவு முழுக்க நார் எழும்பி, பூனை சிலிர்த்துக்கொண்டு நின்றது மாதிரி ஆகிவிட்டது. மாமியார் இன்றைக்கும் அந்தக் கதவைத் திறக்கும்போது மகளை ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் பழைய பலகைத் துண்டுகளில் அடித்து அடித்துப் பழகினோம். தண்ணீரை விசிறி மாதிரி விரிக்கிற குழாய் மூக்கைத்தான் போடவேண்டும். அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். ஒரு முழம் தள்ளி நின்று, மரத்தின் ரேகை ஓடுகிற பக்கத்துக்கே போகவேண்டும். கை ஓரிடத்தில் நின்றால் அங்கே குழி விழுந்துவிடும்.

அக்கராயனிலிருந்து போன் வந்தது வைகாசிக் கலியாணங்கள் தொடங்குகிற நேரம். "எங்கட வீட்டுக்குப் பின்னாலை ஒரு கனடா மேடை கிடக்கு. அதைக் கழுவித் தருவியளோ?" என்று ஒரு பெட்டை கேட்டிருக்கிறாள். அவள்தான் கலியாணப் பொம்பிளை. மச்சாள் வழக்கம்போல ஓம் என்றுவிட்டு என்னிடம் வந்து, "அண்ணி, கனடா மேடை எண்டால் என்ன?" என்று கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? போய்ப் பார்ப்போம் என்று போனோம்.

வீடு குளத்து வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. பொம்பிளையின் தகப்பன் வயற்காரர். நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய தம்பி கனடாவில். ஒருமுறை விடுமுறைக்கு வந்தவர், "அங்கை இது இல்லாத வீடே இல்லை" என்று சொல்லி, முதிரை மரப் பலகை வாங்கி, தச்சரைப் பிடித்து, வீட்டின் பின்வாசலோடு சேர்த்து வயலைப் பார்த்தபடி பெரிய பலகைத் தளம் ஒன்றை அடித்துவிட்டார். அதிலே கதிரையைப் போட்டுக் கோப்பி குடித்து, படம் எடுத்து, திரும்பிப் போய்விட்டார். அவர் போன பிறகு அதிலே மிளகாய் காய்ந்தது, நெல் காய்ந்தது, நாய் படுத்தது. ஊர் அதற்குக் கனடா மேடை என்று பெயர் வைத்தது.

முதல் மாரியோடு கறையான் வரத் தொடங்கியிருக்கிறது. ஐயா என்ன செய்தார்? வன்னியில் எந்தக் கமக்காரனும் செய்வதைத்தான் செய்தார். ட்ரக்டரில் மாற்றி எடுத்த கழிவு ஒயிலைக் கானோடு கொண்டுவந்து, தளம் முழுக்கப் பூசிவிட்டார். எங்கள் பக்கத்தில் வேலிக் கட்டைக்கும் அதுதான், கூரை மரத்துக்கும் அதுதான். "ஒரு கறையான் கிட்ட வரேல்லைப் பிள்ளை" என்று எங்களிடமும் பெருமையாகச் சொன்னார். கறையான் வரவில்லை, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மாரிக்கும் ஒரு பூச்சு. அதன்மேல் வயற்புழுதி, அதன்மேல் மழை, அதன்மேல் பாசி. நான் குந்தியிருந்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரல் கறுத்தது, பலகை தெரியவில்லை.

"ஐயா, இது மேடையில்லை, ட்ரக்டரின்ர கியர்ப் பெட்டி" என்றேன். ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஐயாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே ரப்பர் கால். சண்டைக் காலத்தில் போனது. அதைப் பற்றி அவர் பெரிதாகக் கதைப்பதில்லை. வரம்பில் நடப்பார், லாண்ட்மாஸ்டர் ஓட்டுவார், எல்லாம் செய்வார். ஆனால் ஒரு மார்கழி விடியலில் தேத்தண்ணிக் கோப்பையோடு கனடா மேடையில் இறங்கியவர் வழுக்கி விழுந்து, கைமுறிந்து, இடுப்பு அடிபட்டு, நெடுநாள் படுக்கையில் கிடந்திருக்கிறார். அன்றைக்கு அவருடைய மனைவி, நாங்கள் அம்மா என்று கூப்பிட்டவர், பின்வாசலின் குறுக்கே ஒரு நைலோன் கயிற்றைக் கட்டினார். "அவர் விழுந்த பலகையிலை என்ர காலும் படாது, அவற்ற காலும் படாது" என்று சொல்லிக் கட்டியது. நாங்கள் போகும்போதும் அந்தக் கயிறு அங்கேதான் இருந்தது.

இப்போது மகள் தன் கலியாணம் வயலைப் பார்த்தபடி அந்தத் தளத்தில்தான் நடக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தாய் கடைசியில் ஓம் என்றார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. மணவறை மேடையில் இருக்கட்டும். ஐயாவும் தானும் வாசலுக்கு உள்ளே கதிரையில் இருந்து பார்ப்பது. தாரை வார்த்துப் பொம்பிளையைக் கையில் பிடித்துக் கொடுப்பது தன் தம்பியும் தம்பி மனைவியும். இதை எங்களுக்கு முன்னாலேயே தீர்ப்பு மாதிரிச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்.

அவர் போனதும் ஐயா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, எனக்கு ஒரு காரியம் செய்து தரவேணும். என்ர பிள்ளையை நான்தான் பிடிச்சுக் குடுக்கவேணும். இந்த வாசலிலையிருந்து மணவறைக்கு ஒருத்தற்ற கையையும் பிடிக்காமல் நடந்து போகவேணும். வெறுங்காலோடைதானே போகவேணும். இந்த ரப்பர் காலுக்கு நிலம் தெரியாது பிள்ளை. வழுக்குது எண்டு அது எனக்குச் சொல்லாது. விழுந்தாப் பிறகுதான் தெரியும்."

"அம்மாவுக்குச் சொன்னனீங்களோ?"

"சொன்னால் இன்னொரு கயிறு கட்டுவா."

என் வாய் எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய். அன்றைக்கு ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். திரும்பி வரும் வழியெல்லாம் மச்சாளிடம், "அந்த மனிசன் விழக்கூடாது, கேட்டியோ, அந்த மனிசன் விழவே கூடாது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "நான் என்ன தள்ளியோ விடப்போறன்?" என்றாள் அவள்.

வேலையைத் தொடங்கினோம். முதலில் தகட்டால் சுரண்டினோம். சுரண்டச் சுரண்ட அல்வா மாதிரிக் கறுப்பாக வந்தது. பிறகு மர ஆலையிலிருந்து மரத்தூள் மூட்டைகளைக் கொண்டுவந்து கொட்டி மிதித்தோம். தூள் ஒயிலைக் குடிக்கும். குடித்த தூளைக் கூட்டி அள்ளிவிட்டுப் புதுத் தூள் கொட்டினோம். அதற்குப் பிறகுதான் கோஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தும்புக்கட்டையால் தேய்த்தது. சோடா தோலைத் தின்னும், அதனால் கையுறை, கண்ணாடி, முழங்கால்வரை ரப்பர்ச் சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டுதான் நின்றோம். வழக்கமாக ஒருமுறை சோடா போதும். இந்தக் கியர்ப் பெட்டிக்கு இரண்டுமுறை, அதுவும் கொஞ்சம் கடுப்பமாக.

எங்கள் சப்பாத்துகள் ஒருவரின் கண்ணை நன்றாகக் குத்தின. ஐயாவின் அக்கா. பொம்பிளைக்கு மாமி, அதனால் கலியாண வீட்டில் எல்லாருக்குமே மாமி. வெற்றிலைப் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்று, "ஐயர் இருக்கப்போற இடத்திலை சப்பாத்தோடையோ?" என்றார்.

"மாமி, சப்பாத்தைக் கழட்டினால் உங்கட கலியாணத்துக்கு நான் காலில்லாமல்தான் வரவேணும்."

"வாயைப் பார்" என்றார் மாமி. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர்தான் எங்களுக்குப் பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொண்டுவந்து தந்தார்.

பிறகு மெசினை இயக்கினோம். நான் மூக்கை விரித்துப் பிடித்து முதல் பலகையின் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்குப் போனேன். கறுப்புத் தண்ணீர் ஓடியது. அதன் பின்னாலே பலகை வந்தது. முதிரை! நல்ல பொன் மஞ்சள், வெயில் படப் படப் பட்டுச் சேலை மாதிரி மினுங்குகிற மரம். "ஐயோ, இஞ்ச ஓடி வாடி!" என்று நான் கத்திய கத்தலில் மச்சாள் என்னவோ ஏதோ என்று பயந்து மெசினையே நிறுத்திவிட்டாள். பொம்பிளை ஓடிவந்தாள். மாமி வந்தார். ஐயா கயிற்றில் சாய்ந்துகொண்டு, "உதுக்குள்ளை உதுவோ கிடந்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு பலகை மஞ்சள், பக்கத்துப் பலகை தார். என் தொழிலில் எனக்குப் பிடித்த நேரமே அதுதான். உலகத்தில் வேறு எந்த வேலைக்கும் அந்தச் சந்தோசம் கிடையாது என்று நான் யாரோடும் சண்டைபிடிக்கத் தயார்.

சோடாவுக்குப் பிறகு வினாகிரிக் கழுவல். சோடா பட்ட மரம் கொஞ்சம் கறுக்கும். புளிப்புப் பட்டால் திரும்ப வெளிக்கும். வழக்கம்போல வினாகிரியைத் தண்ணீரில் கலந்து ஒருமுறை ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு, சோளகக் காற்றில் காயவிட்டோம். காய்ந்த பிறகு எழும்பிய நாரை மணற்தாளால் உரசினோம். மிச்சம் எண்ணெய் ஊட்டுவது மட்டும்தான்.

அங்கேதான் அம்மாவுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது.

"வார்னிஸ் அடியுங்கோ பிள்ளை. வாற சனம் முகம் பார்க்கிற மாதிரிப் பளபளவெண்டு இருக்கவேணும்."

"முகம் பார்க்கக் கண்ணாடி வாங்குங்கோ அம்மா. இதிலை வார்னிஸ் அடிச்சுத் தண்ணி பட்டால் பிறகு நடக்கிறது நடையில்லை, டான்ஸ்."

"ஆர் விழப்போகினம்? அவர்தான் இதிலை ஏறப்போறதில்லையே!"

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் ஏறத்தான் போகிறார் அம்மா, உங்கள் மனிசன் ஏறத்தான் போகிறார் என்று. மச்சாள் என் முதுகில் ஒரு நுள்ளு நுள்ளினாள். இன்றைக்கும் அந்த இடம் நினைவிருக்கிறது. "அம்மா, ஆளிவிதை எண்ணெய் ஊட்டினால் மரம் உள்ளுக்கை குடிச்சிடும். மேலை பூச்சு நிக்காது, கால் பிடிக்கும். நிறமும் இதைவிட வடிவாய் வரும்" என்று அவள் தேன் ஒழுகச் சொல்ல, அம்மா சரி என்றுவிட்டார். அதையேதான் நானும் சொன்னேன். என் வாயில் வரும்போது அது சண்டையாகிவிடுகிறது.

எண்ணெய் ஊட்டலாம் என்று நாங்கள் போன காலை, அங்கே கன்னிக்கால் நடுகிற நாள். பந்தலுக்கு முதற்கால் நடுகிற நல்ல நேரத்துக்கு முன்னர் முடித்துவிட வேண்டும் என்று வெயில் ஏறமுன்னரே எண்ணெய்க் கானோடு போய் இறங்கினோம். வளவுக்குள் காலெடுத்து வைத்ததுமே அம்மாவின் குரல் கேட்டது.

"ஐயோ கடவுளே, ரெத்தம்!"

ஓடினோம். வாசற்கயிற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் பொன் மஞ்சள் தளம். அதிலே சிவப்பு. ஒரு இடத்திலா? பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி நெடுகிலும், ஆணித் தலைகளைச் சுற்றியும், பலகை அந்தங்களிலும் நல்ல சிவப்பு. பலகைகளின் நடுவில் மட்டும் வெறும் மஞ்சள் துளிகள். தளத்தின் நடுவில் செம்பும் மாவிலைக் கொத்துமாக மாமி, வெறுங்காலோடு, திகைத்துப்போய் நின்றார்.

"நான் மஞ்சள் தண்ணிதான் தெளிச்சனான். சத்தியமாய் மஞ்சள் தண்ணிதான்."

எனக்கு வந்ததே கோபம். "ஆர் மாமி உங்களை இதிலை மஞ்சள் தெளிக்கச் சொன்னது? நாங்கள் முறிஞ்சு முறிஞ்சு கழுவினதெல்லாம்..."

"சப்பாத்தோடை நடந்த நீயோ என்னைக் கேக்கிறாய்? துடக்குக் கழிக்காமல் கன்னிக்கால் நடுறதோ?"

அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். "கன்னிக்கால் நடுற நாளிலை ரெத்த நிறம். இதைவிட என்ன சகுனம் வேணும்? வேண்டாம். எனக்கு இந்த மேடையே வேண்டாம். இண்டைக்கே மண்டபத்துக்குச் சொல்லுவம்." பொம்பிளை அழத் தொடங்கிவிட்டாள். ஐயா கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மண்டபம் என்றால் படி, மாபிள், சனக்கூட்டம். அவரைத் தாங்கிப் பிடித்துக் கதிரையில் இருத்தி விடுவார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மச்சாள் மட்டும் பதறவில்லை. குந்தியிருந்து ஒரு சிவப்புத் துளியை விரலில் தொட்டு, வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணி, இது ரெத்தமில்லை. இது ஆராத்தித் தண்ணி."

"என்னடி விசர்க் கதை?"

"ஆராத்திக்கு என்ன கரைக்கிறம்? மஞ்சளும் சுண்ணாம்பும். சேர்ந்தால் சிவக்கும்."

"இஞ்ச எங்கை சுண்ணாம்பு?" என்று கேட்டு வாய் மூடவில்லை, எனக்கு உச்சியில் அடித்தது மாதிரி விளங்கியது. சுண்ணாம்பு இல்லை. ஆனால் சோடா இருக்கிறது! சுண்ணாம்பு செய்கிற வேலையைச் சோடாவும் செய்யும். சிவந்த இடமெல்லாம் சோடா இன்னும் மரத்துக்குள் இருக்கிற இடம். இரண்டுமுறை கடுப்பமாகப் போட்டதற்கு எங்கள் ஒரு வினாகிரிக் கழுவல் போதவில்லை. பலகைகளின் நடுவில் போய்விட்டது; இடுக்கிலும் ஆணித் துளையிலும் ஒளித்துக்கொண்டது. காய்ந்த பிறகு கண்ணுக்குத் தெரியவே இல்லை.

அடுத்தது நினைவுக்கு வர, கையிலிருந்த எண்ணெய்க் கானைப் பார்த்தேன். சோடாவும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன வரும்? சவர்க்காரம்! நாங்கள் கையில் கானோடு நிற்கிறோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் எண்ணெயை ஊட்டியிருப்போம். கலியாணத்தன்று தண்ணீர் பட்டதும் அந்த மனிசனின் ரப்பர் காலுக்குக் கீழே சவர்க்காரம் கிடந்திருக்கும். அதை அந்தக் கால் அவருக்குச் சொல்லியிருக்காது.

நான் கானைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் மாமியைக் கட்டிப்பிடித்தேன். செம்பு கவிழ்ந்து மிச்ச மஞ்சள் தண்ணீர் முழுக்க என் சட்டையில். "மாமி, நீங்கள் தெளிச்சிராட்டி நான் கெட்டன்! என்ர தெய்வம் நீங்கள்!" என்று கன்னத்தில் கொஞ்சினேன். இப்போதுதானே இவள் என்னைத் திட்டினாள் என்று மாமி முழித்தார். நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன், சவர்க்காரம்வரை. மாமியின் முதுகு மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

"நான் பின்னை சும்மாவோ தெளிப்பன்?" என்றார்.

அம்மா இன்னும் நம்பவில்லை. கன்னிக்கால் பூசைக்கு வைத்திருந்த தேசிக்காய் ஒன்றை வெட்டி, வாசலோரமாக அவர் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு சிவப்புத் துளியில் பிழிந்தேன். புளி சோடாவை முறிக்க, சிவப்பு அப்படியே மஞ்சளாகியது. அம்மா குனிந்து பார்த்தார். ஆனால் அவரை அசைத்தது தேசிக்காய் இல்லை, மாமிதான். மாமி செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "மேடைக்கு ஆராத்தி எடுத்தாச்சு. பட்ட கண்ணூறு எல்லாம் இண்டையோடை போச்சு. இனி ஒருத்தரும் சகுனம் கிகுனம் எண்டு கதைக்கப்படாது." அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

பிறகு நடந்ததுதான் கூத்து. கன்னிக்காலுக்கு வந்த பெண்கள் எல்லாரும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு பக்கம் தேசிக்காய் பிழிய, ஒரு பக்கம் குசினியில் இருந்த வினாகிரி எல்லாம் வாளிக்கு வர, நானும் மச்சாளும் தும்புக்கட்டையோடு இடுக்கு இடுக்காகத் தேய்த்தோம். கழுவிவிட்டு, "மாமி, தெளியுங்கோ!" என்று கத்துவேன். மாமி மாவிலையால் தெளிப்பார். சிவந்தால் "இஞ்ச இன்னும் கிடக்கு!" என்று பத்துக் குரல். திரும்பப் புளி, திரும்பக் கழுவல், திரும்ப மஞ்சள். கடைசியில் மாமி தளம் முழுக்க நடந்து நடந்து தெளித்தும் ஒரு பொட்டுச் சிவப்பு வரவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். ஐயாதான் பலமாகத் தட்டினார். கன்னிக்காலும் நேரத்துக்கு நட்டாயிற்று.

"இப்ப முழுக்க மஞ்சளாய்க் கிடக்கே" என்றார் அம்மா, வாசலுக்குள் நின்றபடி.

"மஞ்சளை வெயில் தின்னும் அம்மா. உங்கட மஞ்சள் பூசின சீலையை வெயிலிலை போட்டால் நிக்குதோ?" என்றேன். அப்படியே அக்கராயன் வெயில் தின்று தீர்த்தது. அதற்குப் பிறகு நன்றாகக் காயவிட்டு, எண்ணெயை மெல்லிசாக ஊட்டி, மரம் குடித்தது போக மிச்சத்தைச் சொட்டு விடாமல் துடைத்தெடுத்தோம். துடைத்த சீலைத் துண்டுகளை மாமி சுருட்டி மூலையில் வைக்கப் போக, நான் திரும்பவும் கத்தினேன். அந்த எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி வைத்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். அவற்றை வேலியில் விரித்துப் போட்டோம். "உனக்கு மெதுவாய்க் கதைக்கவே தெரியாதோடி?" என்றார் மாமி. தெரியாதுதான்.

கலியாணத்துக்கு நாங்கள் இருவரும் சேலை உடுத்துப் போனோம். எவ்வளவு கழுவியும் என் கை ஆளிவிதை எண்ணெய்தான் மணத்தது. தளம் தேன் நிறத்தில் கிடந்தது. மணவறைக்குப் பின்னால் வயலும் வானமும். மாப்பிளை வந்தார். மேடைக்கு ஏறுகிற படிக்குப் பக்கத்தில் தோழன் குடத்துத் தண்ணீரால் அவருடைய காலைக் கழுவினான். வஞ்சகமில்லாமல் முழுக் குடத்தையும் ஊற்றிவிட்டான். தண்ணீர் பலகைமேல் பரவி, பின்வாசலுக்கு நேரே வந்து நின்றது. ஐயா நடக்கவேண்டிய வழி முழுக்க ஈரம். மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஐயர் கூப்பிட்டார். "பொம்பிளையின்ர தாய் தகப்பன் ஸ்தானத்திலை ஆர்? வாங்கோ."

அம்மாவின் தம்பி சால்வையைச் சரிபண்ணிக்கொண்டு எழும்பினார். அதற்குள் ஐயா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். பட்டு வேட்டி, வெறுங்கால். வாசற்கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். "இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்? தண்ணி கிடக்கு!" என்று அம்மா கத்தியது மேளத்தையும் மீறிக் கேட்டது. ஐயா முதலில் நல்ல காலை வைத்தார். பிறகு ரப்பர் காலை ஈரத்தில் வைத்தார். கால் வழுக்காமல் நின்றது. அடுத்த காலும் நின்றது. யாரையும் பிடிக்காமல், தோளை நிமிர்த்திக்கொண்டு, தளத்தின் பாதிவரை நடந்தார். மணவறையில் இருந்த மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பாதியில் நின்று திரும்பிப் பார்த்தார். அம்மா வாசலிலேயே நின்றார். தன் கலியாணக் கூறைச் சேலையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, பலகையில் காலை வைக்காமல். ஐயா அந்த ஈரத்தில் வந்த வழியே திரும்பி நடந்து வாசலுக்கு வந்தார். கையை நீட்டினார்.

"வா. கையைத் தா."

"நான் வழுக்கி விழுந்தனெண்டால்?"

"நான் பிடிச்சிருக்கிறன்தானே" என்றார் ஐயா.

அம்மா கையைக் கொடுத்தார். காலை எடுத்துப் பலகையில் வைத்தார்.